கிஃப்ட் மேல ஒட்டுற வாஷி டேப்: மதுரையில வாங்கி யூஸ் பண்ணிப் பாத்து எழுதுற ரிவியூ

வாஷி டேப், அதாவது டிசைன் போட்ட பேப்பர் டேப்பு, ஒரு செட் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு மொத வரியிலயே பதில் சொல்லிடுறேன், தாராளமா வாங்குங்க, ஆனா கூடவே ஒரு செல்லோ டேப்பும் கொஞ்சம் பிரவுன் ஷீட்டும் சேத்து வாங்குங்க. பேப்பர மடிச்சு பிடிச்சு நிறுத்துற வேலைய செல்லோ டேப்பு பாத்துக்கும், மேல அழகு காட்டுற வேலைய வாஷி பாத்துக்கும். ரெண்டு வேலையையும் வாஷி தலையிலயே கட்டுனவங்கதான் ஆன்லைன்ல "ஒட்டவே மாட்டேங்குது, காசு தண்டம்"னு ஒரு ஸ்டார் குடுத்துட்டுப் போறாங்க, படிக்கும்போது வருத்தமா இருக்கு, டேப்பு மேல தப்பே இல்ல.

நான் வாங்குனது மேல ஆவணி மூல வீதி பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்க ஃபேன்ஸி ஸ்டோர்ல. முன்னாடி பூரா வளையல், கிளிப்பு, ரப்பர் பேண்டு, உள்ள போனாத்தான் பிள்ளைக ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு வாங்குற சாமான் இருக்கும், சார்ட், தெர்மாகோல், ஜிகினாத் தூள், அதுக்குப் பக்கத்துல ஒரு டப்பா நெறய இந்த ரோல். வாஷி டேப்னு கேட்டேன், அண்ணனுக்குப் பிடிபடல, டிசைன் போட்ட பேப்பர் டேப்புண்ணேன்னதும் "அட அதுவாக்கா, இங்கிட்டு வாங்க"ன்னு டப்பாவ அப்படியே எடுத்து முன்னாடி வச்சிட்டாரு. அந்தக் கடையில எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான், ஒரு ரோல்ல இருந்து கொஞ்சூண்டு கிழிச்சு பில் பேப்பர்ல ஒட்டி, உரிச்சும் காட்டுனாரு, பேப்பர் கிழியல. ஆறு ரோல் சேந்த செட்டு 120 ரூபா. கட்டம், கோடு, பொட்டுப் பொட்டா ஒண்ணு, சின்ன இலை, பூவுல ரெண்டு. எல்லாமே 15 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் இந்த சைஸ்லதான் வருது. ஒப்பிட்டுப் பாக்கணும்னு ஜப்பான் கம்பெனி ஒண்ணு "எம்டி" (mt)ங்கிற பேருல விக்கிற வாஷி ரோல் ஒண்ணும் ஆன்லைன்ல வரவழைச்சேன், அந்த ஒரு ரோலே இந்த ஆறு ரோல் வெலைக்கு மேல.

எம்டி செய்யுறவங்க கத தெரிஞ்சா இந்த டேப்போட குணம் வெளங்கிரும். காமோய்னு பேரு, ஒகயாமா மாகாணத்துல குராஷிகி ஊரு, 1923ல ஈ பிடிக்கிற பசைத்தாள் செய்யுற கம்பெனியாத்தான் ஆரம்பிச்சாங்க, அப்புறம் பெயிண்ட் வேலைக்கு மாஸ்கிங் டேப்பு. நம்ம ஊரு பட்டறையில காருக்கு பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடி ஓரத்துல வெளிர் மஞ்சள்ல ஒண்ணு ஒட்டுவாங்கள்ல, அதுதான், வாஷி அதுக்குப் பங்காளி. மாஸ்கிங் டேப்ப மொதல்ல கொண்டு வந்தது அமெரிக்காவுல த்ரீ எம் கம்பெனியில ரிச்சர்ட் ட்ரூங்கிறவரு, 1925ல, அப்ப ரெண்டு கலர் காரு ஃபேஷன், ஒரு கலர் இன்னொரு கலர் மேல ஒழுகாம கோடு நேரா நிக்கணும், வேல முடிஞ்சதும் பெயிண்ட பிச்சுக்கிட்டு வராம டேப்பு கழண்டு வரணும். 2006ல ஜப்பான்ல மூணு பொண்ணுங்க காமோய் டேப்புகள வச்சு செஞ்சத ஒரு சின்ன புத்தகமா தொகுத்து கம்பெனிக்கு அனுப்பி, ஃபேக்டரிய சுத்திப் பாக்கலாமான்னு கேட்டாங்க, அந்தத் தொடர்புல பிறந்ததுதான் கலர் கலரான எம்டி. ஆக உரிச்சு எடுக்கணும்னே செஞ்ச டேப்பு இது. அதுகிட்ட போயி பட்டுச்சேல டப்பாவ இறுக்கிப் பிடின்னா எப்படிப் பிடிக்கும்.

அதனால அடியில என்ன பேப்பர் போடுறோம்ங்கிறதுதான் பாதி விஷயம். கல்யாண வீட்டு கிஃப்ட்டுன்னா நம்ம ஊர்ல தங்க கலர்லயோ சிவப்புலயோ மினுமினுன்னு பிளாஸ்டிக் பூசுன பேப்பர்தான் மொதல்ல எடுப்பாங்க. வேணும்னே அதுல ஒண்ணு சுத்தி ரெண்டு ரகத்தையும் ஒட்டி வச்சுப் பாத்தேன், செட்டு டேப்பு மறுநாள் காலையில முனை தூக்கிருச்சு, எம்டி கொஞ்சம் தாங்குச்சு, சாயங்காலம் அதுவும் தூக்கிருச்சு. அதே டேப்ப பிரவுன் ஷீட்ல ஒட்டுங்க, அப்படியே பேப்பரோட பேப்பரா படிஞ்சிரும். ஜூன் மாசம் நோட்டுக்கு அட்டை போடுவோமே அந்த ஷீட்டுதான், ஒரு பக்கம் பளபளன்னும் மறுபக்கம் மங்கலாவும் இருக்கும், மங்கலான பக்கம் வெளிய வர்ற மாதிரி சுத்தணும். லேமினேஷன் பண்ணுன பிரவுன் கவர் ஒண்ணு இப்ப நெறய விக்கிறாங்க, அது வேணாம். வெள்ள சார்ட் மாதிரி தடிச்ச பேப்பர்லயும் நல்லா ஒட்டுது, ஆனா டப்பா மூலையில மடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்.

இன்னொண்ணு, இந்த டேப்பு லேசா அடி தெரியுற மாதிரி இருக்கும். கரும்பச்சை, நீலம், கருப்பு மேல ஒட்டுனா பூவெல்லாம் மங்கிப்போயி டிசைனே தெரியாது. டார்க் கலர் பேப்பர்தான் வேணும்னா, டேப்பு போற எடத்துல மொதல்ல வெள்ளப் பேப்பர மெல்லிசா நறுக்கி ஒட்டிட்டு அது மேல வாஷி போடுங்க, கலர் பளிச்சுன்னு நிக்கும்.

ஒட்டும்போது பாக்க வேண்டியது, ரெண்டு முனையும் டப்பாவோட அடிப்பக்கம் போயி முடியணும். மேல பாதியில நிறுத்துனா அந்த முனைதான் மொதல்ல தூக்கும், ரிசப்ஷன் மேடையில ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும்போது உரசி உரசி சுருண்டுக்கும். ஒட்டுனதும் நகத்தால ஒரு தடவ அழுத்தித் தேச்சு விடுங்க. கோணல் ஆயிருச்சா, பதறாம உரிச்சு மறுபடி ஒட்டலாம், செல்லோ டேப்புல இது நடக்கவே நடக்காது. கையாலயே கிழிக்கலாம்ங்கிறதால கத்தரிக்கோல தேட வேண்டியதும் இல்ல, நேரா வெட்டுன முனைய விட கையால கிழிச்ச முனைதான் பிரவுன் ஷீட்ல எனக்கு அழகாத் தெரியுது.

டிசைன்னு பாத்தா ரொம்ப ஒட்டாதீங்க. ஒரு டப்பாவுக்கு ரெண்டு ரகம் போதும், ஒண்ணு அகலமா தெரியட்டும், இன்னொண்ண பாதியா கிழிச்சு மெல்லிசா பக்கத்துல ஓட விடுங்க, சேலைக்கு பார்டர் ஓடுற மாதிரி. எங்க அயித்தைக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு சுங்குடிச் சேல எடுத்தோம், அந்த டப்பாவுக்கு பொட்டு போட்ட ரோல் மட்டும் வச்சு நாலு ஓரமும் சுத்தி பார்டர் கட்டி, நடுவுல வெறும் பிரவுனா விட்டேன், பாத்ததுமே "சுங்குடிதான எடுத்திருக்கீக"ன்னு கேட்டாக. அத விட ஒரு கிஃப்ட் பேப்பர் என்ன சொல்லணும். மதுரை சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு, பக்கத்துல சிவகாசியில அச்சடிக்காத பொருளே இல்ல, ஆனா கடை டப்பாவுல கெடக்குற ரோல் பூரா கள்ளிச்செடி, பூனை, ஈஃபில் டவர். புள்ளிக் கோலத்துலயும் சுங்குடிப் பொட்டுலயும் மல்லி மொட்டுலயும் ஒரு செட்டு யாராவது போடணும்னு மனசார கேக்குறேன், வளைகாப்புக்கும் சடங்குக்கும் கிஃப்ட் கட்டுற எல்லாரும் வாங்குவாங்க.

வாங்குறவங்க பக்கம் ஒரு லாபமும் இருக்கு. எங்க அம்மாச்சி எந்த கிஃப்ட்டையும் பேப்பர் கிழியாமத்தான் பிரிக்கும், பிரிச்சு நீவி மடிச்சு மெத்தைக்கு அடியில வச்சிரும், அடுத்த விசேஷத்துக்கு ஆகும்னு. செல்லோ டேப்பு இருந்தா அந்த எடம் பிஞ்சு போகும், வாஷி ஒட்டுன எடம் அப்படியே கழண்டு வந்துருது. இதுக்காகவே நான் இப்ப செல்லோ டேப்ப அடிப்பக்கம் ரெண்டே எடத்துல சின்னதா வைக்கிறேன்.

பேர் எழுதுறதுக்கும் இது நல்லா உதவுது. கிஃப்ட் மேல பின் பண்ணுற சீட்டு எங்கயாவது விழுந்துரும், யாரு குடுத்ததுன்னு தெரியாம வீட்டுக்காரங்க மொய் நோட்ட பாத்து ஊகிக்கணும். கோடு போட்ட வெளிர் கலர் டேப்பு மேல பெர்மனென்ட் மார்க்கர்ல பேர எழுதி ஒட்டிருங்க. ஜெல் பேனா கைபட்டா இழுவுது, பால் பாயிண்ட் மங்கலாத்தான் விழுகுது. வெறும் வெள்ளக் கவர்ல ஓரத்துல ஒரு பட்டை ஒட்டி ஒத்த ரூபா காயின வச்சா மொய் கவரும் ரெடி.

இனி வெயில். சித்திரைத் திருவிழா சமயத்துல ரோல வண்டி பெட்டிக்குள்ள போட்டு வச்சிராதீங்க, செட்டு ரோல்ல பசை இளகி ஓரத்துல கசியுது, அதுல தூசி ஏறி கருப்புக் கோடு விழுந்துருது. எம்டில அந்தப் பிரச்சனை எனக்கு வரல. ஜிப் கவர்ல போட்டு நிழலா இருக்க அலமாரியில வச்சா செட்டு ரோலும் நல்லாத்தான் இருக்கு. கட்டுன கிஃப்ட்டையும் மாசக்கணக்கா வைக்காம விசேஷத்துக்கு முந்துன நாள் அலங்கரிக்கிறது நல்லது.

எம்டி வாங்கணுமான்னா, தங்கச்சி கல்யாணம் மாதிரி விசேஷத்துக்கு வாங்கலாம், அச்சு சுத்தமா இருக்கு, ரோல் கடைசி வரைக்கும் ஒரே மாதிரி உரியுது. மத்த எல்லாத்துக்கும் 120 ரூபா செட்டு போதும், அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், பூ ரோல் ஒண்ணுல அச்சு கொஞ்சம் தள்ளி விழுந்திருந்துச்சு, அதுக்குத்தான் ஒண்ணு கொறைச்சேன். கடையில எடுக்கும்போது நடுவுல இருக்க அட்டை வளையத்த பாருங்க, சிலதுல வளையம் பெருசா டேப்பு மெல்லிசா சுத்தியிருக்கும், ஒரு டப்பாவுக்கே காலியாயிரும். ஒரு முனைய பிடிச்சு கிழிச்சும் பாருங்க, ரப்பர் மாதிரி இழுபட்டா அது பிளாஸ்டிக், பேப்பர் இல்ல. ஜிகினா ஒட்டுன டேப்பும் இதே டப்பாவுல கலந்து கெடக்கும், அது கையால கிழியாது, உரிச்சா பேப்பரையும் சேத்துப் பிச்சுக்கிட்டு வரும், அத தனியா எடுத்து வச்சிட்டு மத்ததுல தேடுங்க.