வார்பேண்ட் வந்த பிறகு ரெப் ஃபார்மிங்: ஆல்ட்டுகள் இனி சுமையில்லை

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேமில் ஒரு ஃபேக்‌ஷனை (கேமுக்குள் இருக்கும் ஒரு குழு) நியூட்ரலிலிருந்து உச்சப் படியான எக்ஸால்ட்டடுக்கு ஏற்ற 42,000 ரெப் (நற்பெயர்) புள்ளி வேண்டும்: ஃப்ரெண்ட்லிக்கு 3,000, ஹானர்டுக்கு 6,000, ரெவர்டுக்கு 12,000, கடைசிப் படிக்கு 21,000. 2004 முதல் இந்தக் கணக்கை ஒவ்வொரு கேரக்டரும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டியிருந்தது. ஐந்து ஆல்ட் (ஒரே ஆளின் துணைக் கேரக்டர்) வைத்திருந்தால் ஐந்து முறை. மிஸ்ட்ஸ் ஆஃப் பாண்டேரியா எக்ஸ்பான்ஷன் காலத்தில் ரெவர்டு எட்டியவர் வாங்கும் கிராண்ட் கமெண்டேஷன், அந்த ஃபேக்‌ஷனின் ரெப்பை அக்கவுன்ட் முழுக்க இரட்டிப்பாக்கியது. நல்ல உதவிதான், ஆனால் வேலை பாதியானதே தவிர ஒழியவில்லை.

2024 ஜூலையில், அக்கவுன்ட்டின் எல்லா கேரக்டரையும் ஒன்றாக இணைக்கும் வார்பேண்ட் வந்ததும்தான் நிலைமை உண்மையிலேயே மாறியது. இப்போது பெரும்பாலான ஃபேக்‌ஷன்களுக்கு எல்லா கேரக்டருக்கும் சேர்த்து ஒரே பார். பழைய ரெப்பைச் சேர்த்தபோது கூட்டிப் போடவில்லை, இருப்பதிலேயே உயர்ந்ததை எடுத்துக்கொண்டார்கள். நான்கு ஆல்ட்டில் பாதிப் பாதி ஏற்றி வைத்திருந்தவர்களுக்கு அது வயிற்றெரிச்சல்தான். அதன் பிறகு சம்பாதிப்பது மட்டும், யார் சம்பாதித்தாலும், அதே பாரில் விழுகிறது.

இதன் முழுப் பலன் எங்கே என்றால், நாள் வரம்பு கேரக்டருக்குக் கேரக்டர் தனியாக இருக்கும் இடங்களில். லீஜன் எக்ஸ்பான்ஷனின் எமிசரி, அதாவது ஒரு ஃபேக்‌ஷனுக்காக வேர்ல்டு குவெஸ்ட் முடிக்கச் சொல்லும் பணி, நல்ல உதாரணம். நான்கு வேர்ல்டு குவெஸ்ட் முடித்தால் 1,500 ரெப். குவெஸ்ட்டுகளே பெரும்பாலும் தலா 75 தரும். ஆக ஒரு கேரக்டருக்கு சுமார் 1,800. எக்ஸால்ட்டடுக்கு மேல் பரிசாகக் கிடைக்கும் பாராகன் பெட்டிக்கு 10,000 வேண்டும், எனவே ஆறு ஆல்ட் ஒரே எமிசரியை முடித்தால் ஒரு பெட்டி. எமிசரி மூன்று நாள் நிற்கும், நாளுக்கு இரண்டு ஆல்ட் ஓட்டினால் போதும். ஆர்மி ஆஃப் தி லைட்டின் ஃபெல்க்ரஷர் மவுன்ட்டுகளுக்காக (ஏறிச் செல்லும் விலங்குகள்) பெட்டி திறப்பவர்களுக்கு இதைவிட நிம்மதியான வழி கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஆல்ட்டும் ஆர்கஸுக்குப் போகும் அறிமுக குவெஸ்ட்டுகளை முன்பே முடித்திருக்க வேண்டும்.

ராத் ஆஃப் தி லிச் கிங் ஃபேக்‌ஷன்களுக்கு டாபர்டு (ஃபேக்‌ஷன் சின்னம் போட்ட மேலாடை) வழி. கிரின் டோர், வைர்ம்ரெஸ்ட் அக்கார்டு, ஆர்ஜென்ட் க்ருசேடு, எபன் பிளேடு நான்கிலும் ஃப்ரெண்ட்லியில் டாபர்டு கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கால ஹீரோயிக் டன்ஜன்களில் இறங்க வேண்டும். உயர்ந்த லெவல் கேரக்டருக்கு அங்கே எதிர்ப்பே இல்லை. ஒரு ஹீரோயிக் டன்ஜனை ஒரு கேரக்டர் நாளுக்கு ஒரு முறைதான் ஓட்டலாம் என்பதால், ஒருவர் முடித்ததும் அடுத்த ஆல்ட் அதே டன்ஜனுக்குள் போகலாம். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ஆல்ட் மாற்றும்போது டாபர்டு மாட்ட மறப்பது. அப்போது ரெப் அலையன்ஸ் வேன்கார்டுக்கோ ஹோர்டு எக்ஸ்பெடிஷனுக்கோ போய்விடும், ஓடிய ஓட்டம் வீண். வேகமாக ஓடுபவர்கள் மணிக்குப் பத்து இன்ஸ்டன்ஸ் (டன்ஜன் நுழைவு) என்ற வரம்பிலும் முட்டுவார்கள். அது ஆல்ட் மாற்றினாலும் தீராது.

எந்த ஆல்ட்டை முதலில் ஓட்டுவது? மனித இனக் கேரக்டர் இருந்தால் அதை. அந்த இனத்தின் டிப்ளமஸி திறன் தரும் 10 சதவீதக் கூடுதல் ரெப் இப்போது அக்கவுன்ட் முழுக்கப் பயன்படுகிறது. டார்க்மூன் ஃபேர் நடக்கும் வாரத்தில் குடை ராட்டினத்தில் ஏறி இன்னொரு 10 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ரெப் பகிரப்படுகிறதே ஒழிய குவெஸ்ட் தொடர் பகிரப்படுவதில்லை. சன்ஸ் ஆஃப் ஹோடிர் ஃபேக்‌ஷனின் டெய்லிகள் (தினசரி குவெஸ்ட்டுகள்) வேண்டுமென்றால் ஒவ்வொரு ஆல்ட்டும் ஸ்டார்ம் பீக்ஸில் அந்த நீண்ட தொடரை முடித்தே ஆக வேண்டும். அந்த உழைப்புக்கு ஈடாக வராது, ஒரே கேரக்டரில் ஓட்டுங்கள். அடுத்தது, வார்பேண்டில் யாரோ ஒருவர் முடித்த குவெஸ்ட்டின் குறி ஆல்ட்டின் மேப்பில் தெரியாமல் போகும். குவெஸ்ட்டே இல்லை என்று திரும்பிவிடாதீர்கள், மினிமேப்பின் டிராக்கிங் பட்டியலில் வார்பேண்ட் முடித்த குவெஸ்ட்டுகளைக் காட்டும்படி டிக் செய்தால் வந்துவிடும்.

தி வார் வித்தினின் புதிய ஃபேக்‌ஷன்களில் ஆல்ட் படை பெரிதாக உதவாது. ரினவுன் (அங்கே ரெப் படிகளுக்குப் பதிலாக வரும் லெவல் முறை) லெவலுக்கு 2,500 என்பது சரி, ஆனால் குவெஸ்ட்டுகளில் முதன்முறை போனஸ் வார்பேண்டுக்கே ஒரு தடவைதான். இரண்டாவது ஆல்ட்டுக்கு அது கிடையாது. அங்கே ஒரு கேரக்டரை மட்டும் ஒழுங்காக ஓட்டிவிட்டு, மற்றவர்களைப் பழைய எக்ஸ்பான்ஷன்களுக்கு அனுப்புவதே லாபம்.

கேமின் பழைய வடிவத்தை ஆட விடும் கிளாசிக் சர்வர்களில் வார்பேண்ட் கிடையாது, பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. பர்னிங் க்ருசேடு ஆடுபவர்கள் வரிசையை மாற்றக் கூடாது. நார்மல் ராம்பார்ட்ஸும் பிளட் ஃபர்னஸும் ஹானர்டு வந்ததும் ஹானர் ஹோல்டு, த்ரால்மார் ஃபேக்‌ஷன்களுக்கு ரெப் தருவதை நிறுத்திவிடும். ஆகவே முதலில் டன்ஜன், ஹானர்டுக்குப் பிறகு ஹெல்ஃபயர் குவெஸ்ட்டுகள். தலைகீழாகச் செய்தால் மீதி முழுவதையும் ஷேட்டர்டு ஹால்ஸிலும் ஹீரோயிக் டன்ஜன்களிலும்தான் தேய்க்க வேண்டி வரும், அதுவும் ஒவ்வொரு ஆல்ட்டுக்கும்.