சிப்பா, முழு வாசிப்பா: நம் மரபணுத் தரவில் எதைக் கொண்டு தேடுவது?

மனித டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. ஒப்பிடுவதற்கென்றே வைத்திருக்கும் பொது மாதிரி வரிசையோடு ஒப்பிட்டால் ஒவ்வொருவரிடமும் நாற்பது, ஐம்பது லட்சம் இடங்களில் பாடம் மாறுபடும். இவற்றுள் எந்தப் பாடபேதம் இதயத்தை நலிவடையச் செய்கிறது, எது நீரிழிவுக்கு வழிவிடுகிறது என்று கணினியால் தேட இரண்டு வழிகள் உண்டு. முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில லட்சம் இடங்களை மட்டும் சோதிப்பது டி.என்.ஏ. சிப். எழுத்தெழுத்தாகப் படிப்பது முழு வாசிப்பு.

சிப் மலிவானது, கோப்பும் சிறியது. 2007இல் பிரிட்டனில் 14,000 நோயாளிகளையும் 3,000 பொதுமக்களையும் ஒப்பிட்டு ஏழு நோய்களை ஒரே ஆய்வில் அலச முடிந்தது இதனால்தான். பின்னர் பிரிட்டனின் உடல்நல, மரபணுத் தரவு வங்கியான யு.கே. பயோபேங்க் ஐந்து லட்சம் பேரிடம் சுமார் எட்டு லட்சம் இடங்களைச் சோதித்து, ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட இடங்களைக் கணித்தது.

எட்டு லட்சம் எப்படி ஒன்பது கோடியாகிறது? செல்லரித்த ஏட்டைப் பதிப்பிப்பவர், சிதைந்த சீரைப் பிற பிரதிகளைப் பார்த்து நிரப்புவாரே, அதே வேலைதான். அருகருகே உள்ள எழுத்துகள் தலைமுறைகளாகச் சேர்ந்தே கைமாறுவதால் கணிப்பு பெரும்பாலும் பலிக்கிறது. ஆனால் ஒப்பிடும் பிரதிகள் வேறு மக்களுடையவையாக இருந்தால் நிரப்பும் பாடமும் பிழையாகும். பல நாட்டு மக்களின் டி.என்.ஏ. வரிசைகளைத் திரட்டி, வெகுகாலம் உலகெங்கும் பயன்பட்ட '1000 ஜீனோம்ஸ்' தொகுப்பில் இருந்தவர்கள் 2,504 பேர். தெற்காசியர் 489 பேர். அவர்களுள் இலங்கைத் தமிழர் 102 பேர், அதுவும் இங்கிலாந்தில் வாழ்பவர்கள். ஒரு துணைக்கண்டத்துக்கே இவ்வளவு பிரதிகள்தாம். எனக்கு இது சிறு குறையாகத் தெரியவில்லை.

ஏன் என்பதை ஒரு மரபணுவே சொல்லும். இதயத் தசையின் புரதம் ஒன்றுக்கான எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் உண்டு. தெற்காசியரில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் அது இருப்பதையும், இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்பதையும் 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐரோப்பியரிடம் அது காணக்கிடைப்பதே அரிது. அவர்களை மனத்தில் வைத்து வடிவமைத்த சிப் அந்த இடத்தைக் கேட்கவே கேட்காது.

முழு வாசிப்பில் 150 எழுத்து நீளத் துணுக்குகள் கோடிக்கணக்கில் வருகின்றன. பொது மாதிரியின் மேல் அடுக்கினால் ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக முப்பது துணுக்குகள் மூடும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த நீக்கத்தைப் பெற்றவரின் வரிசையைத் திரையில் பார்த்தால், ஏறத்தாழப் பாதித் துணுக்குகள் அந்த இடத்தில் 25 எழுத்துகளைத் தாண்டிக் குதிக்கும். மீதி இடைவெளியின்றி ஓடும். யாரும் முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு விலை உண்டு. யு.கே. பயோபேங்க் 2023இல் வெளியிட்ட சுமார் 4.9 லட்சம் பேரின் முழு வாசிப்பு 27 பெட்டாபைட்டை, அதாவது 2.7 கோடி ஜிகாபைட்டைத் தாண்டியது. தரவைத் தங்கள் கணினிக்கு இறக்குவதை விட்டு, தரவு இருக்கும் இடத்துக்கே ஆய்வாளர்கள் போக வேண்டியதாயிற்று. புள்ளியியல் தொல்லை அதைவிடப் பெரிது. பத்து லட்சம் இடங்களைச் சோதித்தால் தற்செயலாகவே பல இடங்கள் 'காரணம்' போலத் தோன்றும். ஆகவே அப்படித் தோன்றும் வாய்ப்பு இரண்டு கோடியில் ஒன்றுக்கும் கீழே இருந்தால்தான் சிப் ஆய்வுகளில் ஏற்கிறார்கள். முழு வாசிப்பில் இடங்கள் இன்னும் பெருகுகின்றன. அரிய மாற்றங்களோ பத்துப் பேரிடம், இருபது பேரிடம் மட்டுமே இருக்கும். ஒரு மரபணுவின் அரிய மாற்றங்களையெல்லாம் ஒரே கூட்டாக்கிச் சோதித்தால்தான் ஏதாவது பிடிபடும்.

அந்தரங்கப் பாதுகாப்பில் இரண்டும் ஒன்றே. ஆளை அடையாளம் காணச் சில நூறு இடங்களே தாராளம்.

என் சாய்வு முழு வாசிப்பின் பக்கம். 2017இல் வந்த ஆய்வு ஒன்று தெற்காசியாவின் 263 சமூகங்களை அலசியது. சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகிய தடம் 81 சமூகங்களில், அதற்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களிடம் உள்ளதைவிட ஆழமாக இருந்தது. தமக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணம் தொடரும் இத்தகைய சமூகத்தில், வெளியே அரிதான ஒரு மாற்றம் உள்ளே சாதாரணமாகிவிடும். வேற்றூர்ப் பிரதியை வைத்து அதை ஊகிக்க முடியாது. 10,000 இந்தியர்களைப் படிக்க முனைந்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு ஃபரீதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேர்ந்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. ஐயாயிரம் பேரைச் சோதிக்கப் பணம் வைத்திருப்பவர், அதே சமூகங்களில் முதலில் ஐந்நூறு பேரை முழுதாகப் படிக்கட்டும். அந்தப் பிரதிகள் கைக்கு வந்தபின் மீதிப் பேருக்குச் சிப் போதும்.