திறக்காத பூட்டும் என் வெள்ளிக்கிழமை இரவுகளும்

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல்தான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் புது வேலை கிடைத்தது. தொலைக்காட்சி அணைந்துவிடும், இணையம் போய்விடும். பாட்டரி விளக்கு ஒன்றும், இரண்டு மணி நேரமும் மிஞ்சும். அக்கா மகன் ஒரு பை நிறையப் பகடைகளோடு வந்து, "மாமா, நீங்கள் கதை சொல்லுங்கள், நாங்கள் ஆடுகிறோம்" என்றான்.

முதலில் ஓராண்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடினோம், 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. பிறகு 'டன்ஜன் வேர்ல்ட்' பக்கம் மாறினோம், ஏழு மாதம் ஆகிறது. திரும்பிப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த வகை விளையாட்டு தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் வாழ்வார்கள். எது நடக்கும் என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். கதையை நடத்துபவரை நடத்துநர் என்று சொன்னால் பஸ்ஸும் டிக்கெட்டும் நினைவுக்கு வருகின்றன, அதனால் கதைசொல்லி என்கிறேன். எங்கள் தாத்தா காலத்தவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும். கோயில் திடலில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை, இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். கட்டியக்காரன் செய்கிற வேலைதான் என்றால் தலையாட்டிவிடுவார்கள்.

ஊரறிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். முதலாவது, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் தொடங்கிவைத்தது. இந்த வகைக்கே அதுதான் தாய். மற்றது, டன்ஜன் வேர்ல்ட், 2012-இல் சேஜ் லடோராவும் ஆடம் கோபெலும் எழுதியது, பேக்கர் தம்பதியர் 2010-இல் கொண்டுவந்த 'அபோகாலிப்ஸ் வேர்ல்ட்' என்ற விளையாட்டின் வழியில் வந்தது. முதலாவதற்கு மூன்று தடித்த புத்தகங்கள், இரண்டாவதற்கு ஒன்று. இரண்டுக்குமே அடிப்படை விதிகளைக் காசில்லாமல் படிக்கலாம், எனவே பணத்தை வைத்துச் சண்டை வேண்டாம். கட்டம் போட்ட வரைபடத்தில் பொம்மைகளை நகர்த்திப் போரிடும் சுகம் வேண்டுமா, முதலாவதுதான், பேச்சே இல்லை. ஆள் சேர்ப்பதும் அதற்கே எளிது. பெயரைச் சொன்னாலே இளைஞர்கள் வந்துவிடுவார்கள்.

இனி பூட்டுக் கதை.

எங்கள் கதை ஒரு கப்பலில் நடந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலை மனத்தில் வைத்து நான் கட்டிய கற்பனைக் கப்பல். அடித்தளத்தில் ஒரு இரும்புக் கதவு. அதற்குப் பின்னால்தான் நான் மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்த எல்லாமும் இருந்தது. அக்கா மகன்தான் திருடன். பூட்டின் கடின எண், அதாவது திறக்க எட்ட வேண்டிய எண், 15; பகடையில் விழுவதோடு அவன் திறமைக்குக் கூட்டிக்கொள்வது 5. இருபது முகப் பகடையில் ஒன்பதோ அதற்குக் கீழோ விழுந்தால் தோல்வி, அதாவது நூற்றுக்கு நாற்பத்தைந்து வாய்ப்பு. விழுந்தது நான்கு.

"திறக்கவில்லை" என்றேன்.

"சரி மாமா, அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு அங்கிள் தன் வீரனை விட்டு மோதிப் பார்த்தார், கதவு அசையவில்லை. என் மைத்துனர் முயன்றார், அதுவும் பலிக்கவில்லை. திருடன் மறுபடி உருட்டலாமா என்று வாக்குவாதம் எழுந்தது. இரண்டு மணி நேரத்தில் இருபது நிமிடம் ஒரு பூட்டின் முன்னால் கரைந்தது. கடைசியில் உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறந்ததாகச் சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை உருண்ட பகடைகள் எல்லாம் வீண் என்பதும் எல்லோருக்கும் புரிந்தது.

நான் மோசமான வடிவமைப்பு என்று சொல்வது இதைத்தான். விதிகள் அதிகம் என்பதல்ல என் குறை. பகடை ஆம், இல்லை என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறது, இல்லை என்பதற்குப் பிறகு என்ன என்ற கடனைக் கதைசொல்லியின் தலையில் கட்டிவிடுகிறது. அந்தக் கடனை நான் அடைத்தது வெள்ளிக்கிழமை இரவுகளில். ஒரு கதவு வைத்தால், அது திறக்காவிட்டால் போக இன்னும் இரண்டு வழி எழுதி வைத்தேன். துப்பு ஒன்று வைத்தால், கவனிக்கத் தவறினால் வேறெங்கே கிடைக்கும் என்று எழுதி வைத்தேன். இந்த நோய் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு மட்டும் உரியதல்ல. 1981-இல் வந்த 'கால் ஆஃப் கதுலு' ஆட்டத்திலும் துப்புத் தேடும் பகடை தவறினால் விசாரணை அப்படியே நின்றுபோகலாம். அதற்கு மருந்தாகவே ராபின் லாஸ் 2007-இல் 'கம்ஷூ' முறையைக் கொண்டுவந்தார். அங்கே முக்கியத் துப்புக்குப் பகடையே கிடையாது, தேடினால் கிடைத்துவிடும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் சண்டையைச் சமமாக அமைக்கும் கணக்கு தனி. ஒவ்வொரு பாத்திரத்தின் நிலைக்கும் அட்டவணையில் ஓர் எண் பார்த்துக் கூட்ட வேண்டும், அரக்கர்களின் மதிப்பைக் கூட்ட வேண்டும், பிறகு தலைகளை எண்ண வேண்டும்: இரண்டு என்றால் ஒன்றரையால் பெருக்கு, மூன்று முதல் ஆறு வரை இரண்டால், ஏழு முதல் பத்து வரை இரண்டரையால். இவ்வளவும் செய்து முடித்தாலும் சமநிலை வராது. ஏனென்றால் கதைக்குள் கழியும் ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு மோதல்கள் இருக்கும் என்ற எண்ணத்தில் 2014 பதிப்பு கட்டப்பட்டிருக்கிறது. மின்வெட்டு முடிவதற்குள் எங்களால் ஆட முடிந்தது ஒன்று. மந்திரவாதியாக ஆடிய மைத்துனர் தன் மந்திரங்கள் அத்தனையையும் அந்த ஒன்றிலேயே கொட்டிவிடுவார். அங்கிளின் வீரன் வாளோடு பார்த்துக்கொண்டு நிற்பான்.

அதே கப்பலை, அதே கதவை, டன்ஜன் வேர்ல்டில் மறுபடி வைத்தேன். பழி தீர்க்கத்தான். இங்கே ஆறு முகப் பகடை இரண்டு. திருடன் இரண்டைக் கூட்டிக்கொள்கிறான். பத்தும் அதற்கு மேலும் என்றால் முழு வெற்றி, வாய்ப்பு நூற்றுக்கு 42. ஏழு முதல் ஒன்பது வரை என்றால் காரியம் நடக்கும், ஆனால் சந்தேகம், ஆபத்து, விலை ஆகியவற்றில் இரண்டைக் கதைசொல்லி நீட்ட, ஆடுபவர் ஒன்றை ஏற்க வேண்டும். அதற்கும் 42. ஆறும் அதற்குக் கீழும் வெறும் 17, அங்கும் ஒன்றுமில்லை என்பது கிடையாது. கதைசொல்லி கதையை ஏதோ ஒரு பக்கம் தள்ளியே ஆக வேண்டும், தோற்றவருக்கு ஓர் அனுபவப் புள்ளியும் உண்டு.

விழுந்தது எட்டு. "உன் கம்பி பூட்டுக்குள்ளேயே முறிந்துவிடும், இல்லையென்றால் சத்தம் கேட்டு மேல்தளத்தில் யாரோ விழித்துக்கொள்வார்கள். எது வேண்டும்?" என்றேன். கம்பியின் மீது அவனுக்கு உயிர். சத்தத்தை எடுத்துக்கொண்டான். மேலே விழித்தது யார் என்பது எனக்கே தெரியாது. அடுத்த மூன்று வாரக் கதை அந்தக் காலடிச் சத்தத்திலிருந்து வந்தது, நான் எதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு பிசாசைச் சேர்க்க வேண்டுமா? உயிர்ப்புள்ளி, கவசம், அது தரும் அடி, அது எதற்காகத் துடிக்கிறது, என்னென்ன செய்யும், அவ்வளவுதான். தேநீர் ஆறுவதற்குள் எழுதிவிடலாம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். விலை கொடுத்து வெல்லும் இந்த வழி 2014-இன் கதைசொல்லிக்கான புத்தகத்திலும் இருக்கிறது, விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள் என்ற அளவில். நான் முயன்றேன். ஆனால் ஆட்டத்தின் மற்ற உறுப்புகள் அதோடு ஒட்டவில்லை, தைத்த சட்டையில் வேறு துணியில் பை வைத்ததுபோல் துருத்திக்கொண்டு நின்றது.

டன்ஜன் வேர்ல்டின் குறைகளும் சின்னவை அல்ல. ஏழு, எட்டு, ஒன்பது விழும்போதெல்லாம் ஒரு சங்கடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். இரவு ஒன்பதுக்கு மேல் என் மூளை வறண்டுவிடும், மூன்று முறை தொடர்ந்து கப்பல் ஆடியது என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். இன்னொன்று, சண்டையில் யாருக்குப் பின் யார் என்ற முறை இதில் இல்லை. அக்கா அதிகம் பேசாதவர். பழைய ஆட்டத்தில் அவர் முறை தானாக வரும், இங்கே அவர் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. இப்போது மேசையில் ஒரு கரண்டியைச் சுற்றவிடுகிறோம், கரண்டி யார் கையிலோ அவர் பேசலாம்.

நீண்ட தொடர்கதைக்கு இது தாங்குமா என்று ஏழு மாத அனுபவத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். முதலாவதில் பாத்திரம் இருபது நிலை வரை வளரும், இதில் பத்துதான். 2024-இல் வந்த திருத்திய பதிப்பை நான் ஆடியதில்லை, மேலே சொன்ன குறைகளை அதன் மேல் ஏற்ற வேண்டாம்.

மூன்று தடித்த புத்தகங்களையும் அக்கா மகனிடமே கொடுத்துவிட்டேன். பள்ளித் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு அவனே இப்போது கதைசொல்லி. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொலைபேசி அடிக்கும்.

"மாமா, ஆறு எலும்புக்கூடு வைத்தால் எத்தனையால் பெருக்க வேண்டும்?"

"இரண்டால்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன்.