பெல்ட் இல்லாத துப்பாக்கி உறை: ஆபீஸ் உடைக்கு ஒத்துவருமா?

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் வீடு வாங்கி விற்றுத் தரும் ஏஜென்ட் நான். பிளேசர், ஃபார்மல் பேண்ட், உள்ளே செருகிய சட்டை, இதுதான் வேலைக்குப் போடும் உடை. முன்பின் தெரியாத ஆளோடு காலி வீட்டுக்குள் தனியாகப் போவது எங்கள் தொழிலில் அன்றாடம். 2014இல் ஆர்கன்சாவில் வீடு காட்டப் போன ஒரு பெண் ஏஜென்டைக் கடத்திக் கொன்றார்கள். துப்பாக்கி வைத்துக்கொள்வது சரியா தப்பா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்ட பெண், இந்த உடையில் அதை எங்கே வைப்பது? அதற்கு விடை என்று விற்கப்படும் ஒரு பொருளைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

கடையில் கிடைக்கும் உறைகள் பெரும்பாலும் ஆண்களை மனதில் வைத்துச் செய்தவை. தடித்த பெல்ட், அதில் கிளிப், பேண்ட்டுக்கு உள்பக்கம் உறை. என் பேண்ட்களில் பாதிக்கு பெல்ட் வளையமே கிடையாது. இருப்பவற்றிலும் சுண்டுவிரல் அகல பெல்ட்தான் நுழையும். என்னுடையது சிக் நிறுவனத்தின் பி365. 2018இல் வந்த சின்னக் கைத்துப்பாக்கி, 9 மி.மீ., குண்டு போடாமலே சுமார் அரை கிலோ. அந்த எடையை மெல்லிய துணியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் பேண்ட் இறங்கும், நாள் முழுக்கக் கை இடுப்புக்கே போகும்.

அப்படியானால் கைப்பையில் போட்டுக்கொள்ளலாமே என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு கடைக்குள், இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பைக்குள் கைவிட்டு, அதிலிருந்த துப்பாக்கி வெடித்து அம்மாவே இறந்துபோனார். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை அது. பையை நாற்காலியில் வைப்போம், காரில் விடுவோம், யாராவது பிடுங்கிக்கொண்டும் ஓடலாம். உடம்போடு இருந்தால்தான் அது நம் பொறுப்பில் இருக்கிறது.

இந்த உறைக்கு பெல்ட் தேவையில்லை. தனக்கென்று ஒரு மெல்லிய பட்டையோடு வருகிறது. பட்டையை இடுப்பைச் சுற்றி, தோலோடு அல்லது உள்பனியனுக்கு மேல் கட்டுகிறோம். முன்பக்கம், தொப்புளுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தகடு. அதில் திருகி மாட்டிய கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை. தொடையைச் சுற்றி இன்னொரு சின்னப் பட்டை, உறை மேலே ஏறாமல் பிடித்துக்கொள்ள. அதற்கு மேல் எந்த உடையைப் போட்டாலும் துப்பாக்கிக்குக் கவலையில்லை. எலாஸ்டிக் இடுப்புள்ள பேண்ட், பாவாடை, லெக்கிங்ஸ் மேல் குர்த்தி, எல்லாமே சரி. குர்த்திதான் இருப்பதிலேயே நன்றாக மறைக்கிறது, பிளேசர்கூட இரண்டாமிடம்தான். புடவைக்கு மட்டும் நடக்காது. கொசுவம் செருகும் இடமும் உறை உட்காரும் இடமும் ஒன்றே.

வெளியே காட்டிக்கொடுப்பது குழல் என்று நினைப்போம். அது இல்லை, கைப்பிடி. குழல் கீழ்நோக்கி உடம்போடு ஒட்டிப் போய்விடும். கைப்பிடி பக்கவாட்டில் துருத்தி, சட்டையில் ஒரு மூலையாகத் தெரியும். இந்த உறையில் அதற்கு இரண்டு ஏற்பாடு. பக்கத்தில் சின்ன இறக்கை மாதிரி ஒரு துண்டு, கைப்பிடியை வயிற்றுப் பக்கம் திருப்புகிறது. அடியில் ஒட்டிக்கொள்ளும் ஃபோம் ஆப்பு, கீழ்முனையை வெளியே தள்ளி மேல்முனையை உள்ளே சாய்க்கிறது. ஆப்பை ஒட்டும் இடத்தை மாற்றி மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும், ஆளுக்கு ஆள் வயிறு வேறு. வெள்ளை நிறத்தில் வழவழப்பான சட்டை எதையும் மறைக்காது. சின்னப் பூப்போட்டது, கோடு போட்டது, கொஞ்சம் கனமான காட்டன் என்றால் உற்றுப் பார்த்தாலும் தெரிவதில்லை. கதவின் லாக்பாக்ஸை, அதாவது வீட்டுச் சாவி இருக்கும் பெட்டியை, திறக்கக் கையைத் தூக்குவேன், பரண் ஏணியை இழுப்பேன், உறையைத் தோலோடு கட்டியிருந்தால் சட்டை மேலே போனாலும் உள்பனியன் காப்பாற்றுகிறது.

உட்காருவதுதான் பலருக்குச் சந்தேகம். “அக்கா, இதைக் கட்டிக்கிட்டு எப்படி கார் ஓட்டுறீங்க?” என்று ஆபீஸ் தங்கை ஒருத்தி கேட்டாள். உயரத்தை ஒரு ஓட்டை இறக்கி மாட்டியதும் சரியாகிவிட்டது. நேர்முதுகு நாற்காலியில் தொல்லையே இல்லை. தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்து குனிந்தால் விலா எலும்புக்குக் கீழே குத்தும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. காலையில் துப்பாக்கியை முதலில் உறைக்குள் வைத்து, ‘டக்’ என்று பொருந்திய பிறகு மொத்தமாக எடுத்துக் கட்டுகிறேன். அடிவயிற்றுக்கு நேராகக் குழல் இருக்க, துப்பாக்கியை உள்ளே தள்ளும் வேலையே இல்லை. உறை கெட்டியானது, டிரிகரை முழுக்க மூடுகிறது. விலை மலிவு என்று துணிப் பட்டை உறைகள் விற்கிறார்கள்; டிரிகர் மேல் வெறும் துணி மட்டும் இருக்கும் எதையும் வாங்காதீர்கள். கழிவறையிலும் பேண்ட் இறங்கினால் இது இறங்குவதில்லை. பொதுக் கழிவறையில் துப்பாக்கியை மறந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு, அந்த ஆபத்து இதில் இல்லை.

குறை? சீக்கிரம் கழற்ற முடியாது. டெக்சஸில் சட்டப்பிரிவு 30.06 பலகை மாட்டிய கட்டடத்துக்குள் மறைத்து எடுத்துப் போகக்கூடாது. ஒரு அங்குல எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வாசலில் எழுதியிருப்பார்கள். கிளிப் உறை என்றால் காரிலேயே கழற்றிப் பெட்டியில் பூட்டிவிடலாம். இதற்குப் பார்க்கிங்கில் உட்கார்ந்து பேண்ட் பட்டனை அவிழ்க்க வேண்டும்! பத்திரம் முடிக்கப் போகும் நாட்களில் நான் இதைக் கட்டுவதே இல்லை. இன்னொன்று, ஹூஸ்டன் ஆகஸ்ட். பட்டை வியர்வையில் ஊறி, தொடைப் பட்டை உரசித் தடிக்கிறது. நூறு டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு மாற்றுப் பட்டை ஒன்று சேர்த்துத் தரக்கூடாதா?

சட்டம் பற்றி நம்மவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் 21 வயதானவர்களுக்கு, வேறு தடை இல்லையென்றால், லைசென்ஸ் கட்டாயமில்லை. ஆனாலும் எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது மத்திய சட்டம், மாநில லைசென்ஸ் இருப்பவருக்கு விலக்கு உண்டு. கேட்டியில் வீடு தேடுகிற எல்லாரும் பள்ளிக்குப் பக்கத்தில்தானே கேட்கிறார்கள். எச்1பி விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். சில குறுகிய விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேலை செய்யும் இடமும் வேண்டாம் என்று சொல்லலாம். பூட்டிய காருக்குள் பார்க்கிங்கில் வைத்திருப்பதை மட்டும் டெக்சஸில் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது.

பெல்ட் போடும் ஆண்களுக்கு இது வேண்டாம், சட்டையை மேலே செருகிக்கொள்ளும் வகைக் கிளிப் உறையே போதும். வாங்கும் பெண்கள் வெற்றுத் துப்பாக்கியோடு வீட்டில் எடுத்துப் பழகிய பிறகே வெளியே கட்டிப் போங்கள். செருகிய சட்டையை இடது கையால் முழுக்க மேலே இழுத்தால்தான் வலது கைக்குப் பிடி கிடைக்கும். ஆர்டர் செய்யும்போது மாடலைச் சரியாகக் கொடுங்கள். பி365க்கு, அதன் நீளமான மாடலான பி365 எக்ஸ்எல்லின் உறையும் பொருந்தும், அதன் கூடுதல் நீளம் கைப்பிடியை இன்னும் நன்றாக உள்ளே சாய்க்கிறது. நான் மறுபடி வாங்கினால் அதைத்தான் வாங்குவேன்.