ஹெர்னியா மெஷ் வாங்கும்போது வலைக்கண்ணைப் பாருங்கள்

ஹெர்னியா (குடலிறக்கம்) அறுவையில் பலவீனமான வயிற்றுச் சுவரைத் தாங்க வைக்கும் வலைதான் மெஷ். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன மெஷ் பெட்டியில் பலரும் முதலில் தேடுவது எடையை. சதுர மீட்டருக்கு 90 கிராமுக்கு மேல் கனமானது, 50-க்குக் கீழ் லேசானது. விற்பனைப் பிரதிநிதியும் அதைத்தான் சொல்வார். எங்கள் கணக்கில் எடை இரண்டாம்பட்சம். வலைக்கண் (இழைகளுக்கு நடுவிலுள்ள ஓட்டை) எவ்வளவு அகலம், இழை ஒற்றையா முறுக்கா என்பதுதான் முதல் கேள்வி.

மெஷ் உள்ளே போன நொடிகளிலேயே ரத்தப் புரதங்கள் இழைமேல் படிந்துவிடும். முதலில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வரும், அடுத்த சில நாட்களில் அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் வந்து மொய்க்கும். பாக்டீரியாவை விழுங்குவதுபோல் இழையை விழுங்க அவற்றால் முடியாது. அதனால் பல ஒன்றுசேர்ந்து ராட்சத செல்களாகி இழையை ஒட்டியே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அவை விடும் சமிக்ஞைகளை வாங்கிக்கொண்டு ஃபைப்ரோபிளாஸ்ட்கள் (வடுத் திசுவை உண்டாக்கும் செல்கள்) ஒவ்வோர் இழையைச் சுற்றியும் கொலாஜன் என்ற நார்ப்புரத உறை போடும். கண் 1 மி.மீ.-க்கு மேல் இருந்தால் உறைகளுக்கு நடுவே நல்ல திசு வளர இடம் இருக்கும். கண் சிறுத்தால் பக்கத்துப் பக்கத்து உறைகள் ஒட்டி, மெஷ் முழுவதும் ஒரே வடுத் தகடாகிச் சுருங்கும். "உள்ளே அட்டை வைத்த மாதிரி இருக்கு டாக்டர்" என்று நோயாளி சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இழை ஒற்றையாகவே இருக்கட்டும். முறுக்கிய இழைகளின் இடுக்கு 10 மைக்ரானுக்கும் குறைவு. 1 மைக்ரான் அளவுள்ள பாக்டீரியா அதில் புகுந்துகொள்ளும், அதைத் துரத்தும் மேக்ரோபேஜ் புக முடியாது. தொற்று அங்கே குடியேறினால் மெஷையே எடுக்க வேண்டிவரலாம்.

நல்ல மெஷையும் தையலில் கெடுக்கலாம். லிக்டென்ஸ்டைன் முறைக்கு (கவட்டை ஹெர்னியாவைத் திறந்து மெஷ் தைக்கும் அறுவை) 7.5 × 15 செ.மீ. துண்டு போதும். பூப்பெலும்பு முனையைத் தாண்டி 2 செ.மீ. படியட்டும், நடுவில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். விறைப்பாக இழுத்துத் தைத்தால் கண் கோடாகக் குறுகி, காசு கொடுத்து வாங்கிய அகலம் வீணாகும். மெஷைத் தொடும் முன் கையுறையை மாற்றுங்கள், தோலில் படவிடாதீர்கள்.

விலைதான் எல்லாம் என்று நினைக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கி மெஷாக வைத்துக் காட்டினார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்விலும், ஓராண்டு முடிவில் ஹெர்னியா திரும்புவதில் கொசுவலைக்கும் கம்பெனி மெஷுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதற்காகக் கடைக் கொசுவலையை வெட்டி வைத்துவிடக் கூடாது. ஆய்வில் வைத்த வலைகள் பொருளும் கிருமிநீக்கமும் சோதிக்கப்பட்டவை.

லேசான, அகலக்கண் மெஷ் திறந்த அறுவையில் உறுத்தலைக் குறைக்கிறது. கடுமையான நாள்பட்ட வலியைக் குறைக்கும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள். பெரிய நேரடி ஹெர்னியாவுக்கு (கவட்டையில் வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தில் நேராகப் பிதுங்குவது) லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி அறுவை) வைக்கும்போது லேசான மெஷ் ஓட்டைக்குள் பிதுங்கி ஹெர்னியா திரும்பக்கூடும், அங்கே கனமானதே மேல். குடலைத் தொடும் இடத்தில் பூச்சில்லாத பாலிபுரொப்பிலீன் எதுவுமே கூடாது, குடல் அதில் ஒட்டிக்கொள்ளும்.