ஓடிஜி, கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ், ஏர் ஃப்ரையர்: எந்தப் பண்டத்துக்கு எது?

மூன்று பெட்டிக்குள்ளும் ஓடுவது ஒரே சூடான காற்றுதான். ஆனால் கடைக்குப் போனால் மூன்றையும் மூன்று அதிசயங்களாக விற்கிறார்கள். ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில்லர் மூன்றும் சேர்ந்த பெட்டி) என்றால் கேக், மைக்ரோவேவ் என்றால் ‘எல்லாமே வரும் மேடம்’, ஏர் ஃப்ரையர் என்றால் எண்ணெய் இல்லாத பஜ்ஜி. பஜ்ஜி வராது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரைத்த மாவு மொறுமொறுப்பாகும் முன்பே கூடையின் ஓட்டை வழியே ஒழுகிவிடும்.

முதலில் விசிறியைப் பற்றிக் கொஞ்சம். சூடான பெட்டிக்குள் காற்று அசையாமல் நின்றால், பண்டத்தைச் சுற்றிச் சற்றே குளிர்ந்த, ஈரமான காற்று மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். விசிறி அதைக் கலைத்துவிடுகிறது. சூடு சீக்கிரம் ஏறுகிறது, மேல்தோல் சீக்கிரம் காய்கிறது. இது புது விஷயமும் இல்லை. விமானத்தில் உறைந்த சாப்பாட்டைச் சூடாக்குவதற்காக 1940-களிலேயே அமெரிக்காவில் வில்லியம் மேக்ஸன் என்பவர் விசிறி வைத்த சின்ன அடுப்பைச் செய்துவிட்டார். ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் தன் கருவியைக் காட்டியது 2010-இல். பெட்டியைச் சுருக்கி, விசிறியின் வேகத்தைக் கூட்டினால் ஏர் ஃப்ரையர். அவ்வளவுதான்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? சூடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில். ஓடிஜியில் மேலேயும் கீழேயும் ராடு உண்டு. கன்வெக்‌ஷன் மாடலில் கூடவே ஒரு சின்ன விசிறி. கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் சூடு பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து விசிறியோடு வருகிறது, மேலே கிரில் இருக்கிறது, அடியில் பெரும்பாலான மாடல்களில் ஒன்றுமே கிடையாது. ஏர் ஃப்ரையரில் தலைக்கு மேலே சுருள், அதற்கும் மேலே விசிறி, கீழே 4 முதல் 6 லிட்டர் வரை ஒரு கூடை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் பண்டம் எதில் நன்றாக வரும் என்பது பாதி தெரிந்துவிடும்.

கேக்கில் ஓடிஜியை அடிக்க மற்ற இரண்டாலும் முடியாது. அதுவும் விசிறியை அணைத்துவிட்டு. கன்வெக்‌ஷன் ஓடிஜியில் விசிறி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதையே அணையுங்கள் என்கிறேனே என்று பார்க்காதீர்கள். கேக் மாவு மெதுவாக உப்ப வேண்டும். விசிறிக் காற்று மேல்பரப்பைச் சீக்கிரம் இறுக்கிவிட்டால், உள்ளே இன்னும் உப்பிக்கொண்டிருக்கும் மாவு வெளியே வர வழி தேடி நடுவில் வெடிக்கும். கப் கேக்கில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். எல்லாத் தலையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது விசிறியின் வேலை. மேல், கீழ் இரண்டு ராடும் எரிய, விசிறி இல்லாமல், 170 டிகிரி. டின்னின் மேல் விளிம்பு பெட்டியின் நடுவுக்கு வருமாறு தட்டை ஒரு படி கீழே மாட்ட வேண்டும். மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியம் ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்திவிட்டால் சரி.

ஆகவே ஓடிஜி வாங்கும்போது எத்தனை ‘ப்ரீசெட்’ என்று எண்ண வேண்டாம். ஃபங்ஷன் குமிழைப் பாருங்கள். மேல் ராடு மட்டும், கீழ் ராடு மட்டும், இரண்டும், இரண்டோடு விசிறி என்று தனித்தனியாக இருக்கிறதா? இருந்தால் நல்ல பெட்டி. விசிறி எப்போதும் ஓடும் என்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மைக்ரோவேவின் கன்வெக்‌ஷனில் விசிறியை நிறுத்த முடியாது. அதற்காக அதில் கேக் வராது என்றில்லை. செய்முறையில் 180 என்று இருந்தால் 160 வைத்து, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே குச்சி குத்திப் பார்த்தால் தேறிவிடும். அதில் மாட்டிக்கொள்வது பிரெட்டும் பீட்சாவும். அடியில் சூடு இல்லாததால் மேலே பொன்னிறம், கீழே வெளுப்பு. குக்கரில் உப்பைக் கொட்டி கேக் சுடுகிற வீடுகளில் இதற்கு நேர் எதிர்: அடி சிவந்திருக்கும், தலை வெளுத்திருக்கும்.

வெஜ் பஃப், உப்பு பிஸ்கட், நெய் பிஸ்கட் எல்லாம் விசிறிக்காகவே பிறந்தவை. ஓடிஜியில் இரண்டு ராடும் விசிறியும் போட்டு, பஃபுக்கு 200, பிஸ்கட்டுக்கு 160. மைக்ரோவேவிலும் பிஸ்கட் நன்றாகவே வரும். ஆனால் சுழலும் வட்டத் தட்டில் எத்தனை அடங்கும் என்று யோசியுங்கள். தீபாவளிக்கு ஒரு டப்பா நிறையச் செய்ய வேண்டுமென்றால் செவ்வக ட்ரேதான் கை கொடுக்கும்.

தூத்துக்குடி மக்ரூன் என் கணக்கைக் கொஞ்சம் குழப்புகிறது. முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்து, முந்திரித் தூள் கலந்து, கூம்பாகப் பிழிந்து வைப்பது. அதைச் சுடுவது என்பதைவிட உலர்த்துவது என்றே சொல்லலாம். 100-110 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து, அணைத்த பிறகும் உள்ளேயே ஆற விட வேண்டும். குமிழ் வைத்த ஓடிஜியில் 100 என்று திருப்பினால் உள்ளே 90-ஆ, 125-ஆ என்பது அந்தப் பெட்டிக்குத்தான் வெளிச்சம். கொஞ்சம் ஏறினாலும் வெள்ளை பழுப்பாகிவிடும். மைக்ரோவேவின் மின்னணுக் கட்டுப்பாடு குறைந்த சூட்டை இன்னும் சீராகப் பிடிக்கிறது. எனவே இந்த ஒரு பண்டத்தில் என் ஓட்டு மைக்ரோவேவுக்கு. ஏர் ஃப்ரையரில் முயலவே வேண்டாம். அந்தக் காற்றில் பட்டர் பேப்பர் எழும்பிச் சுருளைத் தொட்டால் பேப்பரே கருகும்.

ஏர் ஃப்ரையரின் இடம் வேறு. மசாலா தடவிய நாலு கோழிக்கால், சேப்பங்கிழங்கு ரோஸ்ட், நேற்று வாங்கிய சமோசாவை மறுபடி மொறுமொறுப்பாக்குவது: இவற்றில் அதன் வேகத்துக்கு ஈடு கிடையாது. ப்ரீஹீட்டுக்கு, அதாவது பண்டத்தை வைக்கும் முன் பெட்டியைச் சூடாக்க, மூன்று நான்கு நிமிடம் போதும். ஓடிஜிக்குப் பத்துப் பதினைந்து ஆகும். சேப்பங்கிழங்கை முக்கால் வேக்காட்டில் எடுத்து, உரித்து, ஈரம் போக ஆற வைத்து, மிளகாய்த் தூளோடு ஒரு ஸ்பூன் அரிசி மாவும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் புரட்டி, 190-இல் பதினைந்து நிமிடம். நடுவில் ஒருமுறை கூடையை வெளியே இழுத்துக் குலுக்க வேண்டும். அந்த எண்ணெயை விட்டுவிட்டால் மாவு வெள்ளையாகப் பூத்து நிற்கும். இரண்டு பேருக்கு அருமை. ஐந்து பேர் உட்காரும் வீட்டில் முதல் ஈடு ஆறிய பிறகுதான் இரண்டாம் ஈடு வரும்.

கோழி எதில் சுட்டாலும் கெட்டியான இடத்தின் உள்சூடு 74 டிகிரியைத் தொட வேண்டும். ஓடிஜியில் கம்பி வலை மேல் வைத்துச் சுட்டால் அடியில் ஒரு ட்ரே கட்டாயம். கொழுப்பு கீழ் ராடில் சொட்டினால் வீடு முழுக்கப் புகை. வேர்க்கடலை வறுக்க ஓடிஜி சுகம், ஏர் ஃப்ரையரில் தோல் பறக்கும். கொத்சுவுக்குக் கத்திரிக்காய் சுட மூன்றுமே தண்டம். காஸ் அடுப்பில் நேராகக் காட்டுங்கள், அந்தப் புகை வாசம் பெட்டிக்குள் வராது.

சாதம், குழம்பு சூடாக்குவதில் மைக்ரோவேவுக்குப் போட்டியே இல்லை. ஒரே பெட்டிக்குத்தான் இடம் என்றால் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவை எடுப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு பெட்டியில் இரண்டு சட்டம் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். கன்வெக்‌ஷனில் கேக் டின் போகலாம், மைக்ரோ மோடில் அதே டின் போனால் பொறி பறக்கும். கேக் எடுத்த கையோடு யாராவது பிளாஸ்டிக் டப்பாவில் குழம்பை உள்ளே வைத்தால், சுவரும் தட்டும் இன்னும் கொதித்துக்கொண்டிருப்பதால் டப்பா அடியில் இளகிவிடும்.

ஏற்கெனவே வீட்டில் சாதா மைக்ரோவேவ் இருக்கிறது, மாதம் இரண்டு முறையாவது ஏதாவது சுடுவீர்கள் என்றால் யோசிக்காமல் 28-35 லிட்டர் ஓடிஜி. 20 லிட்டருக்குக் கீழே போனால் மேல் ராடு கேக்கின் தலையை உரசுகிற மாதிரி நிற்கும்.

பிளக் விஷயம் பலருக்கும் கடைசியில்தான் ஞாபகம் வருகிறது. மிக்ஸி போடும் 6 ஆம்பியர் பாயின்டில் 230 வோல்ட் கணக்குக்கு 1380 வாட்ஸ் வரைதான் தாங்கும். ஓரளவு பெரிய ஓடிஜி, கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ், பல ஏர் ஃப்ரையர்கள் எல்லாம் அதைத் தாண்டும். 16 ஆம்பியர் பவர் பிளக் சமையல் மேடை அருகே இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். கரண்ட் பில்லுக்குப் பயப்படத் தேவையில்லை: 1500 வாட்ஸ் ஓடிஜி ப்ரீஹீட்டோடு சேர்த்து 55 நிமிடம் இடைவிடாமல் எரிந்தாலும் 1.4 யூனிட்தான். தெர்மோஸ்டாட் ராடை அணைத்து அணைத்து எரிய விடுவதால் உண்மையில் அதைவிடக் குறையும்.

ஓடிஜி வீட்டுக்கு வந்ததும் முதலில் காலிப் பெட்டியை 200-இல் பதினைந்து நிமிடம் ஓட விட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ராடில் பூசிய எண்ணெய் வாசம் போகட்டும். தட்டில் தொங்க விடுகிற ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக் குமிழின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் ஒரு பாக்கெட் பிரெட். ட்ரே முழுக்கத் துண்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, 180-இல் ப்ரீஹீட் செய்த பெட்டிக்குள் வைத்துப் பாதி சிவக்கும்வரை விடுங்கள். வெளியே எடுத்தால் எந்த மூலை கறுக்கிறது, எது வெளுத்தே கிடக்கிறது என்று ட்ரேயே படம் போட்டுக் காட்டும். பிஸ்கட் சுடும் நாளில் பாதி நேரத்தில் ட்ரேயை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதை அந்தப் படத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.