ஏழு வருடமாக இ-பேர்டில் காக்கா எண்ணுகிறேன்

பார்த்த பறவைகளைப் பட்டியல் போட்டுப் பதிவு செய்யும் இணையதளம் இ-பேர்ட். அதில் நான் போட்ட முதல் பட்டியலை இப்போது திறந்தால் சிரிப்புதான் வருகிறது. 2018 மாட்டுப்பொங்கல் காலை, திருநெல்வேலி டவுன் நயினார்குளம், ஐம்பது நிமிடம், மொத்தம் ஆறு வகை. காகத்துக்கு நேரே எண் இல்லை, ‘எக்ஸ்’ இருக்கிறது. எண்ணவில்லை, இருந்தது என்று மட்டும் சொல்வதற்கு அந்த எக்ஸ். காக்காயை யாராவது எண்ணுவார்களா? அடுத்த வரியில் செங்கால் நாரை, பன்னிரண்டு.

மூன்றாம் நாள் ஒரு மின்னஞ்சல். இந்தப் பக்கத்துப் பட்டியல்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர் அனுப்பியிருந்தார். செங்கால் நாரை இங்கே அபூர்வம், படம் இருக்கிறதா, அலகு என்ன நிறம் என்று பணிவாகக் கேட்டிருந்தார். அலகு மஞ்சள். கால் சிவந்திருந்ததால், பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடத்தில் வந்த செங்கால் நாரை இதுதான் என்று நானாக முடிவு கட்டி, அதன் ஆங்கிலப் பெயரையும் தேடிப் பிடித்துப் போட்டது என் சாமர்த்தியம். செங்கால் நாரைக்கு அலகும் சிவப்பு. நான் பார்த்தது மஞ்சள்மூக்கு நாரை, எங்கள் ஊர்க் குளங்களில் சாதாரணமாக நிற்பது. திருத்திவிட்டேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் முகம் தெரியாத ஒருவர் என் பட்டியலை வரிவரியாகப் படிக்கிறார் என்பது பிடித்துப்போனது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சொசைட்டியும் 2002-இல் தொடங்கியது இந்த இ-பேர்ட். காசு கிடையாது. போனில் தொடங்கிவிட்டால் நேரத்தையும் நடந்த தூரத்தையும் அதுவே கணக்கு வைத்துக்கொள்ளும். சிக்னல் இல்லாத இடத்தில் எழுதி வைத்து, வீட்டுக்கு வந்து அனுப்பலாம். அனுப்பும் முன் ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ‘ஆம்’ என்று சொன்னால், எனக்குத் தெரிந்த பறவைகளில் நான் எழுதாதது எதுவும் அன்று என் கண்ணிலோ காதிலோ படவில்லை என்று பொருள். ஒரு பறவை அன்று தென்படவில்லை என்பதும் பதிவாகிவிடுகிறது. அபூர்வமானதை மட்டும் எழுதிக் காக்காயையும் மைனாவையும் விட்டுவிட்டால் இந்தத் தகவல் கிடைக்காது.

எனக்கு இது உறைக்க ஐந்து வருடம் ஆனது. 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இ-பேர்டில் போட்ட சுமார் மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை அலசியது. அதில் பனங்காடை முப்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். பனங்காடை! கரண்டுக் கம்பியில் சும்மா உட்கார்ந்திருக்கும், யாரும் வண்டியை நிறுத்திப் பார்க்காத பறவை. யாரோ அதைச் சலிக்காமல் எழுதிக்கொண்டே இருந்ததால்தான் குறைந்தது தெரிந்திருக்கிறது. அன்று என் பழைய பட்டியல்களைப் புரட்டினேன். முதல் இரண்டு வருடத்தில் பாதிக்கு மேல் எக்ஸ்.

எண்ணுவது ஒன்றும் எனக்குப் புதிதில்லை. ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறேன். இப்போது எல்லாம் மெஷின், ஆனால் படிக்கும்போது நியூபார் சேம்பர் என்ற கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் நான்கு மூலைக் கட்டங்களில் வெள்ளணுக்களை எண்ணிப் பெருக்கிப் பழகிய கண். குளத்திலும் அதே வேலைதான். பத்து நீலச்சிறகி வாத்துகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். சொல்வது சுலபம். முதல் முறை எனக்கு முந்நூறு வந்தது, பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாருக்கு ஐந்நூற்றைம்பது. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ணியதில் அறுநூற்றுப் பத்து. நிதானமாக எண்ணினாலும் கை குறைத்தே போடும். இன்னும் எனக்கு அந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை.

2011 முதல் ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்குப் போனால் இதையெல்லாம் கூட நிற்பவர்களிடமே கற்றுக்கொள்ளலாம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த மாதம் போனது மறக்காது. போன இடமெல்லாம் குளம் தளும்பிக் கிடந்தது. பவளக்காலிக்கும் உள்ளானுக்கும் நிற்கச் சேறே இல்லை. தண்ணீர் நிறைந்தால் பறவையும் நிறையும் என்று நினைத்திருந்த எனக்கு அன்றுதான் விஷயம் புரிந்தது.

சரி, பைனாகுலர். முதலில் ஆசைப்பட்டு வாங்கியது பத்து மடங்கு பெரிதாக்கும் 10×50. கை நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்காததால் அரை மணியில் தலைவலி. இரண்டாவது மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சை பிடித்தது, பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். அப்புறம் வாங்கிய 8×42 ஆறு வருடமாக உழைக்கிறது. முன்பக்க லென்ஸின் அகலமான நாற்பத்திரண்டை, பெரிதாக்கும் மடங்கான எட்டால் வகுத்தால் ஐந்தே கால் மில்லிமீட்டர், கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம். விடிகாலை மங்கலில் இது போதும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு கடைக்குப் போய், வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் அரிசி டப்பா மாதிரி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருக்கிறேன்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி ஒன்றும் போனில் இருக்கிறது. உதவும், ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதுவதை நிறுத்திவிட்டேன். மணிமுத்தாறு பக்கம் ஒரு காலை வல்லூறு என்று அடித்துச் சொன்னது. கால் மணி நேரம் கழுத்து வலிக்க மேலே பார்த்த பிறகு, கிளையில் துடுப்புவால் கரிச்சான் ஒன்று உட்கார்ந்து வல்லூறு மாதிரி கத்திக்கொண்டிருந்தது. செயலியைக் குறை சொல்லி என்ன, நானும் நம்பினேனே.

குழுவைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் இருந்தோம். புதிதாகச் சேர்ந்த பையன்கள் மங்கலான ஒரு படத்தைப் போட்டு “அக்கா, இது என்ன?” என்று கேட்டால் ராத்திரி பதினொரு மணிக்கும் யாராவது பதில் சொல்வார்கள். ஒரு அக்டோபரில், வலசை வந்த களைப்பில் ஆறுமணிக்குருவி ஒன்று ஒரு வீட்டுப் புறக்கடையில் விழுந்து, காக்காய்கள் கொத்த வந்தபோது என்ன செய்வது என்று குழுவே கூடி யோசித்தது. கூடையைக் கவிழ்த்து மூடி இருட்டில் விட்டார்கள். சாயங்காலம் பறந்துவிட்டது.

அந்த உற்சாகத்தில்தான் நான் அதைச் செய்தேன். வயல் வரப்போரம் மயில் உள்ளான் கூடு பார்த்தேன். இந்த இனத்தில் பெண்தான் பளபளப்பு, முட்டையில் உட்காருவது ஆண். மங்கல் நிறத்தில் புல்லோடு புல்லாகப் படுத்திருந்தது. படத்தோடு இடத்தையும் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார், ஐந்து பைக். படத்துக்கு மறைக்கிறது என்று புல்லை ஒதுக்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் பார்த்தேன், முட்டை ஓடு மட்டும் கிடந்தது.

கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே நாரைகள் கூடு கட்டும், ஊரே காவல். இந்த வரப்புக்கு யார் காவல்? வேட்டைக்கும் திருட்டுக்கும் இலக்காகும் சில இனங்களுக்கு இ-பேர்டே இடத்தை மறைத்துவிடும். மற்றதெல்லாம் நம் பொறுப்பு. இப்போது கூடு என்றால் குஞ்சு பறந்த பிறகுதான் குழுவில் வாய் திறக்கிறேன். அப்படியே ஒரு விதியும் வைக்கலாம் என்றேன். நாற்பதில் ஒன்பது பேர் விலகிக்கொண்டார்கள். அவர்களில் இருவரின் படங்கள் உண்மையிலேயே அருமையாக இருக்கும், அதில் எனக்கு வருத்தம்தான்.

மற்றபடி குளத்தங்கரையில் தனியாக பைனாகுலரோடு நிற்கும் பெண்ணை ஊர் சும்மா விடாது. “என்னம்மா, குளத்தை அளக்க வந்தீங்களா? ஆக்கிரமிப்பு எடுக்கப் போறாங்களா?” என்று கேட்டவர்தான் டீக்கடை அண்ணாச்சி. இரண்டு வருடம் கழித்து அவரே எனக்குச் சேதி சொல்ல ஆரம்பித்தார். “நேத்து சாயங்காலம் ஏழு கூழைக்கடா எறங்கிச்சு, நீங்க வரலையே.” நான் பார்க்காததை என் பட்டியலில் போட முடியாது என்று சொன்னதில் அவருக்குக் கோபம். போன மாதம் அவர் போனிலேயே கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன்.

முதல் பட்டியல் கடை வாசலிலிருந்தே போட்டார், பதினைந்து நிமிடம். காகத்துக்கு நேரே இருபத்து மூன்று என்று இருந்தது. சரியாக எண்ணினீர்களா என்று கேட்டேன். “தெனமும் வடை வாங்கித் திங்கிற காக்கா எனக்குத் தெரியாதாம்மா? ரெண்டு இன்னைக்கு வரல” என்றார்.